தளிரைக் காட்டிய மாணவன்

மேல்சித்தாமூர் மாலை நேரப் படிப்பகத் தொடக்க நிகழ்வில், கழகத் தகவல் தொழில்நுட்ப அணித் தன்னார்வலர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சுநடையை அதிகம் மாற்றாமல் தருகிறோம். நீளமான பதிவுதான். முழுதும் படித்துவிட்டுப் பகிருங்கள் தோழர்களே.

*



ஒன்றியக் கழக நிர்வாகிகளே, ஊர்ப் பெரியவர்களே, வேலை முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் நேராக இங்கே வந்திருக்கும் அக்காக்களே, அண்ணன்களே, முன்வரிசையில் உட்கார்ந்து மைக்கையே பார்த்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் என் வணக்கம்.

எனக்கு மேடைப் பேச்சு பழக்கமில்லைங்க. போஸ்டர் டிசைன் பண்ணுவேன், வீடியோ எடிட் பண்ணுவேன், பதிவு எழுதுவேன். படித்தது இன்ஜினியரிங். ஆனாலும் "நீதான் ஆள் சேர்த்த, நீயே பேசு" என்று அண்ணன் சொல்லிவிட்டார். அதனால் ஆள் சேர்த்த கதையில் இருந்தே ஆரம்பிக்கிறேன்.

படிப்பகத்தில் பாடம் சொல்லித்தர ஆள் வேண்டும் என்று கேட்டபோது, பலரும் உடனே பெயர் கொடுத்தீர்கள். இரண்டு நாள் கழித்து ஒவ்வொருவராக போன் வந்தது. எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி. "தம்பி, நாம என்ன வாத்தியாரா? நமக்கு என்ன தெரியும்? ஏதாவது தப்பா சொல்லிக் கொடுத்துட்டா?"

நியாயமான பயம்தான். எனக்கும் அதே பயம் இருக்கிறது. பாடத்தில் என்ன இருக்கிறதோ அதை மட்டும் கொடுப்பவர்தான் ஆசிரியர் என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அதனால் வருகிற பயம் இது. உண்மையில் ஒரு மாணவன் ஆசிரியரிடம் இருந்து எதை எடுத்துக்கொண்டு போவான் என்பது அந்த ஆசிரியருக்கே தெரியாது. இந்த ஊர் மண்ணோடு தொடர்புள்ள ஒரு கதையை வைத்து அதைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

செஞ்சி என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் கோட்டைதான். ராஜகிரி, கிருஷ்ணகிரி, ராஜா தேசிங்கு. கோட்டைக்குப் பக்கத்திலேயே திருநாதர்குன்று இருக்கிறது. நம்மில் பாதிப் பேர் அதன் அடிவாரத்தில் வண்டியில் போயிருப்போம், மேலே ஏறியிருக்க மாட்டோம். ஏறினால் ஒரு பெரிய பாறையில் 24 தீர்த்தங்கரர்களின் உருவங்களைப் பார்க்கலாம். அங்கே ஒரு பழைய கல்வெட்டும் உண்டு. சுமார் 1,500 ஆண்டு பழசு. 57 நாள் உண்ணாநோன்பு இருந்து உயிர்விட்ட சந்திரநந்தி என்பவரின் நினைவிடம் அது என்று சொல்கிறது. தமிழில் 'ஐ' என்ற எழுத்து வருகிற மிகப் பழைய கல்வெட்டுகளில் ஒன்று என்று எழுத்து ஆய்வாளர்கள் அதைக் கொண்டாடுகிறார்கள்.

எனக்கு அதில் பிடித்தது வேறு விஷயம். அந்தக் கல்வெட்டில் எந்த ராஜாவின் பெயரும் இல்லை. போர் இல்லை, பட்டம் இல்லை. சந்திரநந்தி யார் என்று சொல்ல ஒரே ஒரு சொல்தான் இருக்கிறது. அது 'ஆசிரியர்' என்கிற சொல். இத்தனை கோட்டை கொத்தளம் இருக்கிற ஊரில், அதற்கெல்லாம் பல நூற்றாண்டு முந்தி கல்லில் நின்ற பெயர் ஒரு வாத்தியார் பெயர்!

'பள்ளி' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் படுக்கை, தங்குமிடம் என்றுதான் அதற்குப் பொருள். சமணத் துறவிகள் தங்கிய இடம் பள்ளி. அவர்கள் அங்கேயே பாடமும் சொல்லித் தந்ததால் படிக்கிற இடத்துக்குப் பள்ளி என்று பெயர் நின்றது என்று அறிஞர்கள் சொல்கிறார்கள். இன்றைக்குத் தமிழ்நாட்டில் ஒவ்வொரு பிள்ளையும் காலையில் எழுந்து "பள்ளிக்கூடம் போறேன்" என்று சொல்லும்போது, இந்த ஊர்ப் பெரியவர்களின் மூதாதையர் தந்த சொல்லைத்தான் சொல்கிறது.

அக்காக்களுக்கு இன்னொரு செய்தி. வந்தவாசிப் பக்கம் வேடல் என்ற ஊர். அங்கே 9ஆம் நூற்றாண்டுச் சோழர் காலக் கல்வெட்டு ஒன்று கனகவீர குரத்தியார் என்ற பெண் ஆசிரியரைப் பற்றிப் பேசுகிறது. குரத்தி என்றால் பெண் குரு. அவரிடம் படித்த மாணவர்கள் 500 பேர். அங்கே ஒரு தகராறு வந்தபோது, அவரையும் அவரிடம் படிப்பவர்களையும் காப்பாற்றிச் சோறு போடுகிறோம் என்று ஊரார் பொறுப்பேற்றிருக்கிறார்கள். "பொம்பளப் புள்ள சாயங்காலம் போயி பாடம் எடுக்கறதா?" என்று யாராவது கேட்டால், 1,100 வருடம் முன்பே நம்ம பக்கத்தில் எடுத்தாங்க, ஊரே சோறு போட்டுச்சு என்று சொல்லுங்கள்.

இப்போது கதைக்கு வருகிறேன்.

1871. மாயூரம், இன்றைய மயிலாடுதுறை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை அங்கே இருக்கிறார். அந்தக் காலத்தில் தமிழ்ப் புலமை என்றால் அவர்தான். தலபுராணங்கள் மட்டுமே இருபதுக்கு மேல் பாடியவர். பழுத்த சைவர். அவரிடம் ஒரு அப்பா தன் பையனை அழைத்துக்கொண்டு வருகிறார். பையனுக்கு 17 வயது நடக்கிறது. வசதியில்லாத குடும்பம். அப்பா சங்கீதக்காரர். பையனை எப்படியாவது கர்நாடக சங்கீதத்தில் கொண்டுவர நினைத்தவர். பையனுக்கோ தமிழ்ப் பைத்தியம்.

பிள்ளையவர்கள் உடனே மகிழ்ந்துபோய்ச் சேர்த்துக்கொள்ளவில்லை. இப்படிப் பலர் வருகிறார்கள், கொஞ்ச நாள் இருக்கிறார்கள், பிறகு போய்விடுகிறார்கள் என்கிற மாதிரி பேசினார். பையனுக்கு அடிவயிறு கலங்கிவிட்டது. ஒருவழியாகச் சேர்த்துக்கொண்ட பிறகும், பாடத்தை நேரடியாக அவரே தொடங்கவில்லை. தன்னிடம் படித்துக்கொண்டிருந்த சவேரிநாத பிள்ளை என்ற மூத்த மாணவரிடம் நைடதம் பாடம் கேட்கச் சொன்னார். சவேரிநாத பிள்ளை ஒரு கிறிஸ்தவர். நினைத்துப் பாருங்கள். 1871. சைவப் பெரும்புலவர் வீடு. அங்கே ஒரு பிராமணப் பையன் ஒரு கிறிஸ்தவ இளைஞரிடம் தமிழ்க் காவியம் பாடம் கேட்கிறான். அந்த வீட்டில் இது சாதாரணம். நாகூர் குலாம்காதிறு நாவலர் என்ற இஸ்லாமியப் பெரும்புலவரும் இதே பிள்ளையவர்களின் மாணவர்தான்.

பையனுக்கு ஒரே ஏக்கம். இவ்வளவு தூரம் வந்தும் பிள்ளையவர்களிடம் நேராகப் பாடம் கேட்க முடியவில்லையே என்று. வாய்விட்டுக் கேட்கவும் பயம். அப்போது ஒன்றைக் கவனித்தான். பிள்ளையவர்களுக்குத் தன் வீட்டுத் தோட்டத்தில் உள்ள செடிகள் மேல் அவ்வளவு ஆசை. காலையில் எழுந்ததும் எந்தச் செடி புதிதாகத் தளிர் விட்டிருக்கிறது என்று பார்த்துக்கொண்டே நடப்பார். பையன் என்ன செய்தான் தெரியுமா? அவருக்கு முன்பே எழுந்துவிடுவான். தோட்டம் முழுக்கச் சுற்றி எங்கெங்கே புதுத் தளிர் வந்திருக்கிறது என்று தேடி வைத்துக்கொள்வான். அவர் வந்ததும் "இதோ இங்கே ஒன்று, அதோ அங்கே ஒன்று" என்று காட்டுவான். அவர் முகம் மலரும்.

இப்படியே சில நாட்கள். ஒரு நாள் அந்தத் தோட்டத்திலேயே தைரியம் வந்து கேட்டுவிட்டான், நீங்களே எனக்குப் பாடம் சொல்ல வேண்டும் என்று. அவரும் சம்மதித்தார்.

அந்தப் பையன் யார் என்று பெரியவர்களுக்கு இந்நேரம் தெரிந்திருக்கும். உ.வே.சாமிநாதையர். நம் தமிழ்த் தாத்தா. 1876 பிப்ரவரி 1 அன்று பிள்ளையவர்கள் மறையும் வரை ஏறக்குறைய ஐந்து ஆண்டு அவரிடம் படித்தார். பிள்ளையவர்களுக்குக் கடன் தொல்லை உண்டு. ஆனாலும் மாணவர்களிடம் காசு வாங்காமல் பாடம் சொன்னவர். அவர்கள் சாப்பாட்டுக்கும் வழி பார்த்தவர். 'சாப்பிட்டாயா' என்று கேட்டு விசாரிக்கிற வாத்தியார்.

சரி, இதில் எதிர்பாராத விஷயம் எங்கே இருக்கிறது? நல்ல வாத்தியாரிடம் படித்த பையன் நன்றாக வந்தான், அவ்வளவுதானே? இல்லைங்க. இனிமேல்தான் இருக்கிறது.

1880இல் கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் தியாகராச செட்டியார் ஓய்வு பெறுகிறார். அவரும் பிள்ளையவர்களின் மாணவர். தான் விடுகிற வேலையைத் தன் ஆசிரியரின் இன்னொரு மாணவனுக்கு வாங்கிக் கொடுக்கிறார். சாமிநாதையர் கல்லூரி ஆசிரியர் ஆகிறார். அதே ஆண்டு அக்டோபரில், கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசாமி முதலியாரைப் பார்க்கப் போகிறார். என்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் கேட்கிறார். இவர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என்று அடுக்குகிறார். பிள்ளையவர்களிடம் பாடம் கேட்ட அத்தனையும். முதலியார் அசரவே இல்லை. சீவக சிந்தாமணி படித்திருக்கிறீர்களா, மணிமேகலை, சிலப்பதிகாரம் படித்திருக்கிறீர்களா என்று கேட்கிறார்.

இல்லை. எதையும் படித்ததில்லை. பிள்ளையவர்களிடம் அவற்றைப் பாடம் கேட்டதே இல்லை. தமிழ்நாட்டின் தலைசிறந்த ஆசிரியரிடம் ஐந்து ஆண்டு படித்தவருக்கு, தமிழின் தலைசிறந்த காப்பியங்கள் பாடத்திட்டத்திலேயே இல்லை!

வேறு ஒருவராக இருந்தால் என்ன செய்திருப்பார்? "எங்க வாத்தியார் சொல்லித் தராதது எனக்கெதுக்கு?" என்று கோபித்துக்கொண்டு வந்திருப்பார். இவர் முதலியாரிடம் இருந்த சிந்தாமணிப் பிரதியை வாங்கிக்கொண்டு வந்து படிக்க ஆரம்பித்தார். கொஞ்ச நாளில் முட்டியது. காரணம், சிந்தாமணி சமணக் காப்பியம். அதில் வரும் சமணக் கோட்பாடுகளும் சொற்களும் சைவ நூல்களில் ஊறிய இவருக்குப் புரியவில்லை. இன்னொரு சிக்கலும் இருந்தது. சிந்தாமணியைச் சைவர்கள் படிக்கக் கூடாது என்கிற மாதிரி ஒரு பேச்சு நெடுங்காலமாக இருந்தது. சோழ அரசன் அதில் மயங்கிக் கிடந்ததால்தான் சேக்கிழார் பெரிய புராணம் பாடினார் என்றே ஒரு மரபுக் கதை உண்டு. அப்படிப்பட்ட நூல்.

சாமிநாதையர் கும்பகோணத்தில் சமணர்கள் வாழ்ந்த பகுதிக்குப் போனார். சந்திரநாத செட்டியார் என்பவர் வீடு. வாசலில் தோரணம் கட்டியிருந்தது. வீட்டில் என்ன விசேஷம் என்று கேட்டார். சிந்தாமணி படித்து முடித்த நாள், அதற்கான கொண்டாட்டம் என்று பதில் வந்தது.

அந்த இடத்தில் அவர் மனசு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள் தோழர்களே. பெரிய பெரிய புலவர்கள் கண்ணால் பார்க்காத நூல். ஏட்டிலே மட்டும் கிடக்கிறது, செத்துப்போய்விட்டது என்று இவர் நினைத்துக்கொண்டிருந்த நூல். அதை ஒரு வீட்டில் வாசலில் தோரணம் கட்டி, குடும்பமாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறார்கள்!

அந்த வீட்டிலே கல்லூரித் தமிழாசிரியர் மாணவராக உட்கார்ந்தார். அவர்களிடம் பாடம் கேட்டார். புரியாத ஒவ்வொரு சொல்லையும் கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டார். அவருக்குச் சமண நூற்பொருள் விளங்க உதவியவர்களில் ஒருவர் பெயரைச் சொல்கிறேன். வீடூர் அப்பாசாமி நயினார். எந்த வீடூர்? நம்ம வீடூர்தாங்க. அணை இருக்கிற வீடூர். இந்த வட்டாரத்து நயினார் ஒருவர் சொல்லித் தந்தது அந்த உரைக்குள்ளே கலந்திருக்கிறது.

1887இல் சீவக சிந்தாமணி முழுதாக அச்சில் வந்தது. அதற்குத் திருவாவடுதுறை சைவ மடத்தில் இருந்தும் ஏடு கிடைத்தது என்பது கூடுதல் அழகு. பிறகு 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை. மணிமேகலை பௌத்த நூல். அதற்குப் பௌத்தக் கருத்துகளை விளக்கியவர் உடன் பணியாற்றிய ரங்காசாரியார். அங்கேயும் இவர் மாணவராகத்தான் உட்கார்ந்தார்.

இன்றைக்குத் தமிழ் செம்மொழி என்று மேடைக்கு மேடை பேசுகிறோம். நானே எத்தனை பதிவு போட்டிருக்கிறேன். அந்தப் பெருமைக்கு அடித்தளமான நூல்களில் பல அச்சில் வந்ததற்குப் பின்னால் இந்த மனிதர் இருக்கிறார்.

இப்போது முதல் கேள்விக்குத் திரும்பி வருகிறேன். மீனாட்சிசுந்தரம் பிள்ளை சாமிநாதையருக்கு என்ன கற்றுக்கொடுத்தார்?

பாடத்திட்டத்தைப் பார்த்தால் புராணமும் அந்தாதியும். அவர் பாடிய தலபுராணங்களை இன்றைக்கு எத்தனை பேர் படிக்கிறோம்? ஆனால் மாணவர் எடுத்துக்கொண்டது வேறு. கிறிஸ்தவரும் இஸ்லாமியரும் பிராமணரும் ஒரே ஆசிரியரிடம் பாடம் கேட்கலாம் என்பதை அவர் அந்த வீட்டில் கண்ணால் பார்த்தார். அதனால்தான் பத்து வருடம் கழித்துச் சமணர் வீட்டு வாசலில் நின்றபோது அவருக்குக் கால் கூசவில்லை. தெரியாததைத் தெரிந்தவரிடம் கேட்பதில் கௌரவம் பார்க்க ஒன்றுமில்லை என்பதும் சவேரிநாத பிள்ளையிடம் நைடதம் கேட்ட அன்றைக்கே பழகியிருக்க வேண்டும். பிள்ளையவர்கள் "சமய நல்லிணக்கம், பாடம் 1" என்று நடத்தவில்லை. அவர் வாழ்ந்தார், பையன் பார்த்தான். சிந்தாமணி பதிப்பைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. தான் சொல்லித்தராத ஒரு நூல் தன்னால்தான் கரையேறியது என்று அவருக்குத் தெரியவே தெரியாது.

இது என் ஊகம் மட்டும் இல்லை. அந்த மாணவர் கடைசி வரை எப்படி நடந்துகொண்டார் என்று பாருங்கள். 78 வயதுக்கு மேல், தன் ஆசிரியரின் வாழ்க்கை வரலாற்றை இரண்டு பாகமாக 1933, 1934இல் வெளியிட்டார். தன் கதையை எழுதத் தொடங்கியது அதற்கும் பின்னால்தான். திருவல்லிக்கேணியில் தான் வாழ்ந்த வீட்டுக்கு 'தியாகராஜ விலாசம்' என்று பெயர் வைத்தார். வேலை வாங்கிக் கொடுத்த தியாகராச செட்டியார் பெயர். தன் பெயரும் இல்லை, தன் அப்பா பெயரும் இல்லை.

உங்களுக்குப் போரடிக்காமல் இருக்க என் கதையும் ஒன்று. ஒரே நிமிடம்.

நான் படித்தது அரசுப் பள்ளி. எங்களுக்கு அறிவியல் எடுத்த டீச்சர் ஒருவர் இருந்தார். நாங்கள் எதைச் சொன்னாலும் ஒரே கேள்வி கேட்பார்: "எங்க பார்த்த?" சரியான பதில் சொன்னாலும் கேட்பார். "புத்தகத்துல, டீச்சர்." "எத்தனாவது பக்கம்?" அப்போது எரிச்சலாக இருக்கும். சரியாத்தானே சொன்னோம், அப்புறம் என்ன என்று தோன்றும். அவர் நடத்திய பாடத்தில் பாதி எனக்கு இன்றைக்கு மறந்துபோச்சு.

கழகப் பணிக்கு வந்த பிறகு ஒரு நாள் இரவு. எதிர்த்தரப்பை மடக்குகிற மாதிரி ஒரு படம் வாட்ஸ்அப்பில் வந்தது. சூடான விஷயம். போட்டால் பறக்கும். நான் கார்டு தயார் செய்து, பதிவிடும் பொத்தான் வரை போய்விட்டேன். அப்போது அந்தக் குரல் காதில் கேட்டது. "எங்க பார்த்த?" தேடிப் பார்த்தேன். அது வேறு மாநிலத்தில், வேறு வருடம் எடுத்த படம். அழித்துவிட்டேன். அன்றைக்கு நான் அதைப் போட்டிருந்தால் இந்தப் பக்கத்தின் நம்பகத்தன்மை போயிருக்கும். பக்கத்தைக் காப்பாற்றியது நான் இல்லை, அந்த டீச்சர்தான். அரசியல் கட்சியின் ஐடி விங்குக்குப் பயன்படும் என்று நினைத்தா அவர் "எத்தனாவது பக்கம்" என்று கேட்டார்?

இங்கே இருக்கிற ஒவ்வொருவருக்கும் இப்படி ஒருவர் இருப்பார். யோசித்துப் பாருங்கள், பாடம் நினைவுக்கு வராது. ஒரு சொல், ஒரு பார்வை, ஒரு பழக்கம் நினைவுக்கு வரும்.

சரி, இதில் அரசியல் எங்கே இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது.

பிள்ளையவர்கள் காலையில் தோட்டத்தில் நடந்தார் என்பதால்தான் அந்தப் பையனால் தளிரைக் காட்ட முடிந்தது. பாடவேளைக்கு வெளியே, ஆசிரியருக்குக் கொஞ்சம் நேரம் இருந்தது. இன்றைக்கு நம் ஆசிரியர்களுக்கு அந்த நேரம் இருக்கிறதா? 2009ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? 60 பிள்ளைகள் வரை இருக்கும் தொடக்கப் பள்ளியில் இரண்டு ஆசிரியர்கள் இருக்க வேண்டும். அதற்கு மேலே போனால் பிள்ளைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப ஆசிரியர்களும் கூட வேண்டும். பிரிவு 27 இன்னும் முக்கியம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் பணி, இந்த மூன்றைத் தவிர வேறு எந்தக் கல்விசாராப் பணிக்கும் ஆசிரியரை அனுப்பக் கூடாது. இது யாரும் போடுகிற பிச்சை இல்லை, சட்டம்.

நான் கணினி படித்துவிட்டு வந்தவன். டேட்டா என்ட்ரி எவ்வளவு நேரத்தைத் தின்னும் என்று எனக்குத் தெரியும். நெட்வொர்க் கிடைக்காத ஊரில் ஒரு பதிவேற்றத்துக்கு எத்தனை முறை மொட்டை மாடி ஏற வேண்டும் என்றும் தெரியும். வேலைக்கு ஆள் போடுங்கள். எங்களைப் போல வேலை தேடுகிற பட்டதாரிகள் எத்தனை பேர் இருக்கிறோம்! ஒரு பிள்ளை வந்து "டீச்சர், இங்க பாருங்க" என்று எதையோ காட்டும்போது, டீச்சர் கண் போன் திரையில் இருந்தால், அந்தப் பிள்ளை அடுத்த முறை காட்டாது. இதை எந்த ஆட்சியிடமும் கேட்போம். நம் ஆட்சியாக இருந்தாலும் கேட்போம். அதைத் தலைமையும் தவறாக எடுத்துக்கொள்ளாது.

கேட்பது ஒரு பக்கம். நாம் செய்ய வேண்டியது இன்னொரு பக்கம். கடைசியாக அதைச் சொல்லி முடிக்கிறேன்.

போன வாரம் நிர்வாகிகள் கூட்டத்தில் ஒரு பேச்சு வந்தது. "அவங்க கட்சிக்காரர் வீட்டுப் பிள்ளைங்களும் வருதாம். நம்ம செலவுல அதுங்களுக்கும் ஏன்?" சொன்ன அண்ணன் இங்கேதான் இருக்கிறார். கோபித்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன். அவர் கேட்டதில் ஒரு உழைப்பாளியின் ஆதங்கம் இருக்கிறது. தேர்தல் நேரத்தில் அடி வாங்கியவர் அவர். எனக்கும் அன்றைக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

இன்றைக்குச் சொல்கிறேன் அண்ணா. பிள்ளையவர்கள் வீட்டில் சைவப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் பாடம் என்று ஒரு பலகை தொங்கியிருந்தால், சவேரிநாத பிள்ளை உள்ளே வந்திருக்க மாட்டார். அவர் இல்லாத வீட்டில் வளர்ந்த சாமிநாதன் சமணர் வீட்டுக் கதவைத் தட்டியிருப்பாரா என்பது சந்தேகம்தான். சந்திரநாத செட்டியார், "இது எங்க நூல், வேற சமயத்தாருக்குச் சொல்ல மாட்டோம்" என்று கதவைச் சாத்தியிருந்தால் சிந்தாமணி கரையேற இன்னும் எத்தனை காலம் ஆகியிருக்குமோ. இந்த ஊர் அப்படிச் சாத்தாத ஊர். மடம் இருக்கிற தெருவிலே எல்லாச் சாதி சனமும் நடக்கிறோம். சித்தாமூர் தேர்த் திருவிழா என்றால் யார் எந்தச் சமயம் என்று பார்க்கிறோமா? பார்ப்பதில்லை. அந்த ஊரில் நம் படிப்பகம் கதவைச் சாத்தலாமா?

அதனால் ஒன்றியக் கழகம் எடுத்த முடிவை இங்கே அறிவிக்கிறேன். படிப்பகத்துக்கு வெளியே பெயர்ப்பலகை இருக்கும். உள்ளே கொடி இருக்காது, தலைவர்கள் படமும் இருக்காது. கரும்பலகையும் பாயும் லைட்டும் புத்தகமும் மட்டும். எந்த வீட்டுப் பிள்ளையும் வரலாம். யாரிடமும் உங்கப்பா எந்தக் கட்சி என்று கேட்கக் கூடாது. பாடம் நடத்தும்போது எடுத்த படத்தைப் பதிவாகப் போடச் சொல்லி என்னிடம் யாரும் அனுப்பாதீர்கள். பிள்ளைகள் முகத்தைப் போட மாட்டேன்.

பெயர் கொடுத்துவிட்டுப் பயந்துபோயிருக்கிற தன்னார்வலர்களுக்கு மூன்றே வேண்டுகோள். முதல் வாரம் பாடமே வேண்டாம், எல்லாப் பிள்ளைகளின் பெயரையும் கற்றுக்கொள்ளுங்கள். வந்ததும் சாப்பிட்டாயா என்று கேளுங்கள். கேட்ட கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் "தெரியாது, நாளைக்குக் கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்று சொல்லுங்கள், மறுநாள் கட்டாயம் வந்து சொல்லுங்கள். கணக்கு சந்தேகம் என்றால் எனக்கு ராத்திரி பதினோரு மணிக்குக்கூட போன் பண்ணலாம்.

"நமக்கு என்ன தெரியும்" என்று கேட்டீர்களே, அதற்கு என் பதில் இதுதான். நமக்குத் தெரிந்தது கொஞ்சம். பிள்ளைகள் அதையும் மறந்துவிடலாம். ஆனால் நாம் யாரைப் பக்கத்தில் உட்கார வைத்தோம், யாரை மரியாதையாகப் பேசினோம், தெரியாததை எப்படி ஒத்துக்கொண்டோம் என்பதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதை வைத்து இருபது வருடம் கழித்து என்ன செய்வார்கள் என்று நமக்குத் தெரியாது. தெரியாவிட்டாலும் பரவாயில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குப் படிப்பகம் திறக்கும். பாய் பத்தாது, வீட்டில் பழைய பாய் இருந்தால் எடுத்துக்கொண்டு வாருங்கள்.



#மேல்சித்தாமூர் #மாலைநேரப்படிப்பகம் #ஆசிரியர்களைப்போற்றுவோம் #எங்கபார்த்த